ஹஜ்ரா மேட்டுச் சேறு

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் அத்தாயா துறைக்கு எல்லாப் படகும் திரும்பியிருந்தன, ஃபர்ஹாத்தின் படகைத் தவிர.

கெர்கென்னா தீவைச் சுற்றிய கடலை வெளியூர்க்காரர்கள் மதிக்க மாட்டார்கள். கரையிலிருந்து அரை மைல் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது, இதெல்லாம் ஒரு கடலா என்பார்கள். காற்றடிக்கிற நாளில் அவர்களைக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். ஆழமில்லாத கடல் அகலச் சட்டி மாதிரி, சட்டென்று கொதித்துவிடும். ஃபர்ஹாத்துக்கு இது தெரியாமலில்லை. வலையை அள்ளிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பான். கடலில் போன எல்லோரும் அப்படி நினைத்தவர்கள்தான்.

அவன் அக்கா ஸலூஹா செய்தி கேட்டு அக்கரை நகரமான ஸ்ஃபாக்ஸிலிருந்து முதல் கப்பலில் வந்து இறங்கினாள். வீட்டில் அம்மா மப்ரூக்கா பார்லி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மகளைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"உசுரோட வருவான்னு நான் கேக்கல, ஸலூஹா. நான் ஒண்ணும் பச்சைப் புள்ளை இல்ல. அவன் முகத்தை ஒரு தடவை பாத்துரணும். அவ்வளவுதான். உங்கப்பன் முகத்தைத்தான் பாக்காமயே விட்டுட்டேன்."

அப்பாவும் கடலோடு போனவர். அப்போது ஸலூஹா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், ஃபர்ஹாத் தவழ்ந்துகொண்டிருந்தான். மையத்து கிடைக்கவில்லை. மையத்து இல்லாமலேயே தொழுகை நடத்தி முடித்தார்கள். அதன்பிறகு எத்தனையோ வருடம் காற்றில் கதவு ஆடினாலும் மப்ரூக்கா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பார்த்து அனுப்பிய முகம் மண்ணுக்குள் தங்கும், பார்க்காத முகம் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றல் எப்படிப்பட்டது என்று ஸலூஹாவுக்குத் தெரியும். அவள் அதற்குள்ளேதான் வளர்ந்தாள்.

"கொண்டு வரேம்மா" என்றாள்.

வெறும் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையில்லை அது. ஸ்ஃபாக்ஸில் கடலை ஆராயும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. கடலுக்குள் ஒலி எப்படிப் போகிறது, எங்கே சாகிறது என்று கேட்டுக் குறிப்பதுதான் தொழில். போன இலையுதிர் காலத்தில் அவள்தான் தீவுக்காரர்களுக்குக் கைப்பிடி நீளத்தில் மஞ்சள் குழாய்களைக் கொண்டு வந்து கொடுத்தாள். வலையில் கட்டிவிட்டால் தண்ணீர் பட்டதும் அது தானாகக் கீச்சிடத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கு டால்பின்கள் ஒதுங்கிப் போகும், வலையைக் கிழிக்காது. கொடுத்த அன்றே ஊரில் கேலி ஆரம்பித்துவிட்டது. 'ஸலூஹா வீட்டுச் சுவர்க்கோழி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருவன் அதை ஆட்டின் கழுத்தில் கட்டி, குடிக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டி விட்டான். டால்பினுக்கு இது சோற்று மணி, சாப்பிட வா என்று கூப்பிடுகிறது என்று இன்னொருவன் சொல்லி, பாதிப்பேர் கழற்றி எறிந்தார்கள். ஃபர்ஹாத் மட்டும் கழற்றவில்லை. "மீன் வருதோ இல்லையோ, எங்கக்கா சத்தம் போட்டுட்டே கூட வரா. சின்ன வயசுலேருந்து எனக்குப் பழக்கம்தான்" என்பான்.

அந்தச் சுவர்க்கோழிகள் இப்போது எங்கேயோ தண்ணீருக்கடியில் கீச்சிட்டுக்கொண்டிருக்கின்றன. வலை இருக்கும் இடத்தில் படகு இருக்கும், படகில் அவன் இருப்பான். உள்ளே இருக்கும் மின்கலம் தீர்வதற்குள் காது கொடுத்துக் கேட்டால் போதும். ஸலூஹா அலுவலகத்துக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்தாள்.

கடற்காவல் படகு பெரியது, தண்ணீருக்கடியில் மேடிட்ட ஆழமில்லாத இடங்களுக்குள் நுழையாது. அதனால் பெரியம்மா மகன் லசாத் தன் படகை எடுத்தான். கடற்காவல்காரர்கள் இருவர் அதில் ஏறிக்கொண்டார்கள். லசாத்தும் ஃபர்ஹாத்தும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இரவு முழுவதும் துறையில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் லசாத்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

போகிற வழியில் காவல்காரர்களில் இளையவன் கேட்டான்: "அந்தச் சின்னக் குழாய் கத்துறது எவ்வளவு தூரம் கேக்கும்க்கா?"

"தரையைப் பொறுத்தது" என்றாள் ஸலூஹா.

"தரையா? சத்தம் தண்ணியிலதானே வருது?"

"ஆழக் கடல்னா நீ சொல்றது சரி. இங்க தண்ணி எவ்வளவு? அஞ்சாறு பாகம், அஞ்சாறு ஆள் ஆழம். சத்தம் நேரா வர முடியாது தம்பி. மேல அலையில முட்டும், கீழ தரையில முட்டும், முட்டி முட்டித்தான் வந்து சேரும். தரை கெட்டி மணலா இருந்தா பந்தை எத்துற மாதிரி திருப்பி எத்திரும். ஒரு மைலுக்கு அப்பாலகூடக் கேக்கும். புல்லு மண்டிக் கிடந்தா பாதியைத் தின்னுரும். சேறா இருந்தா அவ்வளவுதான், விழுந்த சத்தம் எந்திரிக்காது. பக்கத்துல போய் நின்னாத்தான் கேக்கும்."

"அப்ப எங்க எது இருக்குன்னு தெரியணுமே."

"தெரியும்" என்று மடியிலிருந்த வரைபடத்தைத் தட்டினாள். "கல்யாணமாகாத வயசுல இந்தத் தீவைச் சுத்தி முழம் முழமாத் தரையைத் தோண்டிப் பாத்து வரைஞ்சது நான்தான். மணல் உள்ள இடத்துல தள்ளித் தள்ளி நிறுத்தினாப் போதும். புல்லுல கிட்டக் கிட்டப் பாக்கணும்."

அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருந்தால் என்ன? பாடுபட்டு அறிந்ததை நம்பாமல் வேறெதை நம்புவாள்? பின்பக்கம் சுக்கான் பிடித்திருந்த லசாத் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு இடத்திலும் எந்திரத்தை அணைத்தார்கள். கம்பி நுனியிலிருந்த கறுப்பு உருண்டையை ஸலூஹா தண்ணீருக்குள் இறக்கிக் காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணெயில் எதையோ பொரிப்பது போன்ற சத்தம் வந்தது. அது தரையில் கிடக்கும் சின்ன இறால்களின் சொடுக்கு. அதற்கு நடுவே ஒரு கீச்சு வருகிறதா என்று கேட்டாள். வரவில்லை. அடுத்த இடத்துக்குப் போனார்கள்.

மதியத்துக்கு மேல் ஹஜ்ரா மேட்டுக்கு வந்தார்கள். ஹஜ்ரா என்றால் கல், ஆனால் கல் பேரில் மட்டும்தான். வரைபடத்தில் அந்த இடம் முழுக்க மஞ்சளாக இருந்தது. கிளிஞ்சல் கலந்த கெட்டி மணல் என்று அர்த்தம். இரண்டே இடத்தில் நிறுத்திக் கேட்டாள். ஒன்றுமில்லை. படத்தில் அந்த மேட்டையே பென்சிலால் கோடு போட்டு அடித்தாள்.

"இங்க இன்னும் கொஞ்சம் கிட்டக் கிட்டப் போட்டுப் பாரேன், ஸலூஹா" என்றான் லசாத்.

"எதுக்கு? மணல்ண்ணே. இங்க கிடந்தா அந்த முனையிலேயே கேட்டிருக்கும்."

"இல்ல... ஃபர்ஹாத் இந்தப் பக்கம் அடிக்கடி வருவான்."

"அவன் வராத பக்கம் எது? பொழுது போகுதுண்ணே. கிழக்கே புல்லுல எத்தனையோ இடம் பாக்க வேண்டியிருக்கு."

லசாத் காவல்காரர்களைப் பார்த்தான். பிறகு எந்திரத்தைக் கிளப்பினான்.

அதன்பிறகு நாட்கள் போயின. காவல்காரர்கள் சில நாள் வந்தார்கள், பிறகு வேறு வேலை வந்துவிட்டது என்று நின்றுகொண்டார்கள். ஸலூஹாவும் லசாத்தும் மட்டும் விடிந்ததும் போனார்கள். வெயில் ஏறினால் கடற்புல் குமிழி குமிழியாக மூச்சு விடும், அந்தக் குமிழியும் சத்தத்தைத் தின்னும் என்பதால் காலைப்பொழுதைத்தான் நம்பினாள். கிழக்கே கேட்டார்கள், வடக்கே கேட்டார்கள். பேரீச்ச மட்டை நட்டு மீனுக்கு வேலி கட்டியிருக்கும் இடங்களிலெல்லாம் வேலிக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். அந்தத் தீவில் கடலுக்கும் பட்டா உண்டு. சொல்லாமல் நுழைந்தால் துக்க வீடு என்றும் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு மாலையும் அம்மா வாசலில் நின்று மகளின் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"தண்ணியில எத்தனை நாள் வரைக்கும் முகம் முகமா இருக்கும், ஸலூஹா?"

"குளிர்காலம்தானேம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்றிரவு அவள் மறுநாள் கேட்க வேண்டிய இடங்களை வரைபடத்தில் மறுபடி குறித்தாள். நாள் ஏற ஏறத் தன் கையிலிருந்து தம்பியின் முகம் நழுவுகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

லசாத்தோ நாளுக்கு நாள் இளைத்தான். தனக்கு வந்த ரொட்டியையும் அவளிடம் தள்ளிவிடுவான். திரும்புகிற வழியில் எப்படியாவது ஹஜ்ரா மேட்டுப் பக்கமாகப் படகைத் திருப்புவான். "வந்ததுதான் வந்தோம், இங்க ஒரு தடவை" என்பான். அவளுக்கு எரிச்சலாக வரும். "உனக்கு என்னண்ணே, இந்த மேட்டு மேல அப்படி ஒரு மோகம்? அடிச்ச இடத்தையே எத்தனை தடவை அடிக்கிறது? மின்கலம் தீரப் போகுது, தெரியுமில்ல?" என்று கடிப்பாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் மட்டும் போதுமா, வாய் திறக்க வேண்டாமா?

அதை அவன் வாய் சொல்லவில்லை, நங்கூரம் சொன்னது.

அன்று திரும்பி வரும்போது எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டு எந்திரம் நின்றுவிட்டது. காற்று படகைத் தள்ளியது. லசாத் குனிந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்ததால் ஸலூஹாவே நங்கூரத்தைப் போட்டாள். எந்திரம் சரியானதும் அவளே இழுத்தாள். கனத்தது. மேலே வந்தபோது கொக்கி தெரியவில்லை. முழுக்கக் கறுஞ்சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கையால் வழித்தாள், தயிர் மாதிரி வழிந்தது. அதில் ஒரு இரும்புச் சங்கிலியின் வளையம் ஒட்டிக்கொண்டு வந்தது.

கரையைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். ஹஜ்ரா மேடு. மஞ்சள். கிளிஞ்சல் கலந்த கெட்டி மணல்.

அந்த மணல் ஒரு முழம்தான் கனம், அதற்குக் கீழே சேறு என்று தோண்டிப் பார்த்தவளும் அவள்தான். மேல்மணலை யாராவது உழுது கலைத்தாலொழிய சேறு மேலே வராது. உழுகிறவர்கள் யார் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். சங்கிலி கட்டிய வலையைத் தரையோடு இழுத்துப் புல், முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறவர்கள். திருட்டுத்தனமாக வருவார்கள். ஃபர்ஹாத் அவர்களை எங்கே கண்டாலும் கல்லெறிவான்.

வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள். லசாத் எந்திரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மடியில் கனம் இருந்தவனுக்கு ஒளிய இடமில்லை, படகு அவ்வளவு சிறியது.

"எத்தனை வருஷமா இங்க சங்கிலி வலை இழுக்குறே?" என்றாள்.

"மூணு... மூணு வருஷமிருக்கும்."

"ஃபர்ஹாத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என் மூஞ்சியில துப்பியிருப்பான்."

"இங்க சேறாயிருச்சுன்னு உனக்குத் தெரியும். சேறு சத்தத்தை முழுங்கும்னு முதல் நாளே உன் முன்னாலதான் சொன்னேன்."

"சொன்னே."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டே?"

"படகுல கடற்காவல் ஆளுங்க ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க, ஸலூஹா. சொன்னா படகு போயிரும். மூணு பொட்டைப் புள்ளைங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பியேன்னு இருந்துச்சு. அதுக்கு மறுநாள் அதைவிடப் பெருசாயிருச்சு. அதனாலதான் இங்க போட்டுப் பாரு, இங்க போட்டுப் பாருன்னு..."

லசாத் கெட்டவனில்லை. முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் கூசாமல் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியாவது அந்த இடத்தைக் காட்டியிருப்பான். அவன் பாதி நல்லவன். பாதி நல்லவனின் வெட்கம் செய்கிற கேடு கொஞ்சமில்லை.

ஸலூஹாவுக்கு அந்த வளையத்தை அவன் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அண்ணே என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

"எந்திரத்தை அணை, லசாத். துடுப்பை எடு."

அடித்துவிட்ட மேட்டின்மேல் இப்போது வீட்டுக்கு வீடு போவது போலப் போனார்கள். கொஞ்சம் தள்ளுவது, கேட்பது, மறுபடி தள்ளுவது. தண்ணீர் காப்பி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. மணல் கலங்கினால் மறுநாளே தெளியும், சேறு லேசில் தெளியாது. அதனால் மேலேயிருந்து பார்த்தும் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஸலூஹா கையை உயர்த்தினாள். லசாத் துடுப்பைத் தூக்கிப் பிடித்தான்.

கீச்.

இறால் பொரியும் சத்தத்துக்குள் நூல் மாதிரி ஒன்று. நின்றது. மறுபடி, கீச். தேய்ந்துபோன சத்தம். மூச்சு முட்டுகிறவன் கூப்பிடுவது போலிருந்தது. முதல் நாள் அவள் நிறுத்திக் கேட்ட இடம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அந்தக் குழாய் அன்றைக்கும் முழுத் தெம்போடு கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கத்தக் கத்தச் சேறு தின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றாமலேயே ஸலூஹா அழுதாள். வாய்விட்டு, ஒரு குழந்தையைப் போல அழுதாள். லசாத் பக்கத்தில் வரத் துணியவில்லை.

மறுநாள் முக்குளிப்பவர்கள் வந்தார்கள். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து பாதி சேற்றுக்குள் இறங்கியிருந்தது. வலை அதன்மேல் போர்த்திக் கிடந்தது. ஃபர்ஹாத் எந்திர அறைக்குப் பக்கத்தில் இருந்தான். அலை அடித்துக்கொண்டு போகாமலிருக்க இடுப்பைப் படகோடு கயிற்றால் கட்டியிருந்தான். முக்குளித்தவர்களில் ஒருவன் ஸலூஹாவிடம் வந்து தணிந்த குரலில் சொன்னான்: "உடுப்பை வச்சு அடையாளம் சொல்லிருங்கக்கா. முகத்தைப் பாக்க வேணாம். உங்கம்மாவையும் பாக்க விடாதீங்க." அவள் கேட்காமலேயே அவன் இன்னொன்றும் சொன்னான். "முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ளன்னா பரவாயில்லாம இருந்திருக்கும்."

ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, கஃபன் துணி சுற்றி, கப்பலேறி ஃபர்ஹாத் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முற்றத்தில் இறக்கினார்கள். அங்கே பெண்கள் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போவதில்லை. அம்மாவுக்கு அந்த முற்றம்தான் கடைசி.

மப்ரூக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலைமாட்டில் துணியின் முடிச்சு இருந்தது. கை அதற்குப் போயிற்று.

"அம்மா, வேணாம்" என்றாள் ஸலூஹா.

"ஒரு ஓரமாத்தான்."

"வேணாம்மா. நான் சொல்றதைக் கேளு."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கை முடிச்சிலிருந்து இறங்கியது. துணியின் மேலேயே நெற்றி எங்கே, மூக்கு எங்கே, தாடை எங்கே என்று தடவினாள். கண் தெரியாதவர்கள் தடவுவது போல. பிறகு அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

மையத்தைத் தூக்க ஆண்கள் வந்தார்கள். அவர்களில் லசாத்தும் இருந்தான். மப்ரூக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படித் தேடியிருக்க மாட்டான். விடிஞ்சா போனே, இருட்டினா வந்தே. என் புள்ளையை நீதான்ப்பா கொண்டு வந்து சேத்தே. அல்லாஹ் உன் புள்ளைங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்."

லசாத் அங்கேயே மண்டியிட்டுவிட்டான்.

"சித்தி, அப்படிச் சொல்லாதீங்க. அங்க சேறுன்னு எனக்கு முன்னாலேயே தெரியும். முதல் நாளே தெரியும். நான் சொல்லல, சித்தி."

மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேறு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கிச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். அவள் நெஞ்சு முழுக்க அந்த விளக்கம்தான் நிரம்பிக் கிடந்தது. சொன்னால் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். அம்மாவுக்குச் சேர வேண்டிய ஒரு முகம் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்து.

மப்ரூக்கா அவளிடம் திரும்பினாள்.

"சேறா, ஸலூஹா? நான் ஹஜ்ராங்கிற பேரைக் கேட்டுட்டு அங்க பாறைன்னுல்ல நெனச்சேன். இத்தனை நாளா என் புள்ளை கல்லு மேல கிடந்து அடிபடுறானேன்னு தூங்காமக் கிடந்தேன். சேறுன்னா மெத்துன்னுதானே இருக்கும்?"

லசாத் நெற்றியைத் தரையில் வைத்து அழுதுகொண்டிருந்தான். ஸலூஹா அவனைப் பார்த்தாள், துணிக்குள் கிடந்த தம்பியைப் பார்த்தாள், பதிலுக்குக் காத்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு."